சிவப்பு வட்டம்

திலக்சன் என் சித்தியின் மகன். கூடப் பிறக்காத தம்பி என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். யூடியூப்பில் உதவி வீடியோ போடுவது அவன் தொழில். வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பும் பொருளைக் கொண்டுபோய் இல்லாதவர்களிடம் கொடுப்பான். அவர்கள் அழுவதைப் படம் பிடிப்பான். எனக்கும் ஒரு தையல் மெசின் எடுத்துத் தருகிறேன் என்றான். முதலில் வேண்டாமென்றுதான் நின்றேன்.

காரணம் என் மகள் கீர்த்தனி. அவளுடைய அப்பா எங்களை விட்டுவிட்டு வேறொருத்தியோடு மட்டக்களப்பில் குடும்பம் நடத்துகிறார். கீர்த்தனியோ பள்ளிக்கூடத்தில் அப்பா கட்டாரில் வேலை என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த ஒரு பொய்யை வைத்துத்தான் பிள்ளை தலை நிமிர்ந்து நடந்தாள்.

"எங்கட முகம் ரெண்டும் வரக்கூடாது" என்றேன்.

"என்னில நம்பிக்கை இல்லையே அக்கா? கீர்த்தனி என்ர மருமகள்" என்றான்.

நம்பினேன். கீர்த்தனிக்கும் நானே வாக்குக் கொடுத்தேன்.

படம் பிடித்த அன்று அவன் நல்ல உசாரில் இருந்தான். தேத்தண்ணி குடித்தபடி தொழில் ரகசியம் வேறு சொன்னான். "ஆக்கள் ஃபோனைத் தள்ளித் தள்ளிக்கொண்டு போவினம் அக்கா. அந்தக் கண்ணைப் பிடிச்சு நிப்பாட்டோணும். அழுற முகமெண்டா நிப்பினம். அதைவிட, எதையாவது மறைச்சுப்போட்டு, சுத்திவர ஒரு சிவப்பு வட்டம் கீறிவிட்டா, பாக்காமல் ஒருத்தராலயும் போக ஏலாது. மனிசற்ர மூளை அப்பிடி."

கெட்டிக்காரப் பெடியன் என்று நானும் சிரித்தேன். என் பிள்ளையை வைத்துத்தான் வட்டம் கீறப்போகிறான் என்று இந்த மரமண்டைக்கு ஏறவில்லை.

வீடியோ வந்தது. முகங்களை மங்கலாக்கித்தான் இருந்தான். வாக்குத் தவறவில்லை, பாவம்! ஆனால் முகப்புப் படத்தில், வெள்ளைச் சீருடையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வாசல் படலைக்குள் வருகிற பிள்ளையின் மங்கல் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் அம்புக்குறி. மேலே, 'தந்தை கைவிட்ட மாணவி'. சும்மா விட்டிருந்தால் ஒருவேளை ஆட்கள் தாண்டிப் போயிருப்பார்கள். மறைத்ததால் நின்று உற்றுப் பார்த்தார்கள். உற்றுப் பார்த்தவர்களுக்கு அந்த இரட்டைப் பின்னலும் எங்கள் பச்சைப் படலையும் போதும். எங்கள் ஊர் அன்புவழிபுரம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

அடுத்த நாள் பின்னேரம் கீர்த்தனி வந்து புத்தகப் பையை எறிந்தாள். "வாக்குத் தந்தனீங்களே அம்மா" என்றாள். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவே மாட்டேன் என்று படுத்துவிட்டாள்.

நான் திலக்சன் வீட்டுக்கே போய் வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன். அவன் கோபப்படவில்லை. ஃபோனில் ஏறி இறங்கும் ஒரு கோட்டைக் காட்டினான். "இஞ்ச பாருங்கோ அக்கா, கீர்த்தனி வாற இடத்தைத்தான் ஆக்கள் திருப்பித் திருப்பிப் பாத்திருக்கினம்."

அவன் முகத்தில் இருந்தது பெருமை! கத்தி, அழுது, சித்தியையும் கூப்பிட்டு நியாயம் கேட்டு, கடைசியில் அந்த வீடியோவை அழிக்க வைத்தேன்.

"அழிச்சாச்சு பிள்ளை" என்று கீர்த்தனியிடம் வந்து சொன்னேன். அவள் எழும்பிப் போய்ச் சீருடையைத் தோய்த்துக் காயப்போட்டாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அது சில நாட்கள்கூட நிலைக்கவில்லை. குசினியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக் கௌசிகா என் ஃபோனுக்கு ஒன்றை அனுப்பினாள். திலக்சனின் புது வீடியோ. 'உதவி பெற்ற தாய் வீடியோவை அழிக்கச் சொன்னது ஏன்?' அதே பிள்ளை, அதே மங்கல் முகம். வட்டம் மட்டும் பெருத்திருந்தது.

ஏனென்று எனக்குத் தெரியாதா? அழிக்கச் சொன்னவளே நான்தானே. அவனைக் கொன்றுபோடலாம் போல இருந்தது. ஆனாலும் கண் அந்த வட்டத்தை விட்டு அசைய மறுத்தது. விரல் தன்பாட்டில் போய் அமத்திவிட்டது.

மீன் கருகும் மணத்துக்கு வந்த கீர்த்தனி எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள்.

"நீங்களும் பாக்கிறீங்கள், என்ன அம்மா?" என்றாள். பிறகு அடுப்பை நிப்பாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.