பத்துப் பெட்டிக்கு எட்டுச் சீட்டு

சனிக்கிழமை மாலை மாதனூர் போகும் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால், மீதமிருந்த இரண்டு பெட்டி ஷூக்களை இழுத்துப் பார்க்காமலே ஓ.கே. முத்திரை குத்திவிட்டாள் பெர்சிஸ். திங்கள் காலை சந்தேகத்தில் ஒன்றை எடுத்து வளைத்தாள். பசை பிடிக்காத சோல் வாயைப் பிளந்தது. பெட்டி எண் நான்கு. ஏழும் அப்படியே. முத்திரையில் அவளுடைய செக்கர் எண். குறைச் சரக்கைப் பாஸ் பண்ணினால் வேலை போய்விடும்.

மேனேஜர் கோதண்டபாணியிடம் ஓடினாள். ஒருநாள் தரப் பயிலரங்கில் வாங்கிய சான்றிதழுக்குச் சட்டம் போட்டுத் தலைக்கு மேல் மாட்டியிருப்பவர் அவர்.

"தப்பு என்னுதுதான் சார். நாலும் ஏழும் பிச்சுக்குது. திருப்பி ஒட்டிடலாமா?"

"சரக்கு வாங்கற கம்பெனி இன்ஸ்பெக்டர் கேட்டுக்குள்ள வந்துட்டாரும்மா. மாட்டும், இல்லன்னா மாட்டாது. ஃபிஃப்டி ஃபிஃப்டி."

பெர்சிஸ் பி.எஸ்சி. கணிதம். பத்துப் பெட்டியில் இன்ஸ்பெக்டர் இரண்டை எடுப்பார். ஆகக்கூடிய ஜோடிகள் நாற்பத்தைந்து. நல்ல எட்டுப் பெட்டிக்குள்ளேயே அமைபவை இருபத்தெட்டு.

"நாற்பத்தஞ்சுல பதினேழு சார், மாட்டறதுக்கு."

"அதையும் ஜீரோ ஆக்கறேன், பாரு."

இன்ஸ்பெக்டர் சர்தார் பாஷா உட்கார்ந்ததும், மேனேஜர் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தோடு எழுந்து நின்றார். உள்ளே மடித்த சீட்டுகள்.

"எங்க கம்பெனியில கை வெச்சுப் பெட்டி எடுக்கறதில்ல பாய். குலுக்கல்தான். வெளிப்படைத்தன்மை!"

பாஷா இரண்டு சீட்டு எடுத்தார். இரண்டு, ஒன்பது. அந்தப் பெட்டிகள் வந்தன. இழுத்தார், வளைத்தார். ஒன்றும் ஆகவில்லை. பெர்சிஸுக்கு மூச்சு வந்தது. பாஷா பேனாவைத் திறந்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் மேனேஜருக்குக் கைதட்டலும் வேண்டியிருந்தது.

"உலகத்தரம் பாய். டவுட்டுன்னா மீதிச் சீட்டையும் பிரிச்சுப் பாருங்க!"

மரியாதைக்காகப் பிரித்தார் பாஷா. ஒன்று, மூன்று, ஐந்து, ஆறு, எட்டு, பத்து. கிண்ணம் காலி.

"நாலும் ஏழும் இன்னா ஆச்சு?"

"காத்துல... ஃபேன்..."

"சரி, பரவால்ல. அது ரெண்டையும் எடுத்துட்டு வாங்க."

பதினேழு, நாற்பத்தைந்துக்கு நாற்பத்தைந்தாகிவிட்டது. தள்ளுவண்டி வந்தது. முதல் ஷூவிலேயே சோல் கையோடு வந்தது.

"யார் செக் பண்ணது?"

மேனேஜரின் விரல் யோசிக்காமல் நீண்டது.

"நான்தான் சார்," என்றாள் பெர்சிஸ். "பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு இழுத்துப் பார்க்கல. காலையில மேனேஜர் சார்கிட்ட சொல்லிட்டேன்."

பாஷா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் ஃபேனைப் பார்த்தார்.

"பத்துப் பெட்டியும் இன்னிக்கே ரீ-செக். இந்தம்மாவே பண்ணட்டும். நாளைக்கு வந்து இவங்க கையெழுத்தைத்தான் பார்ப்பேன், வேற யாருதும் வேணாம்."

"நானே அதைத்தான் சொல்ல வந்தேன் பாய்," என்றார் கோதண்டபாணி.

பெர்சிஸ் முதல் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு ஷூவை எடுத்து வளைத்தாள். தாங்கியது. நம்பாமல் இன்னொரு தரம் வளைத்தாள்.