சீசன் முடிந்த மருந்து

மழை வருவதற்குள் கொடியில் கிடந்த துணியை எடுத்து உள்ளே போடும்போதுதான் கவனித்தேன், டிவி மேல் இருக்கும் இன்ஹேலர் பம்பு இல்லை. பரவாயில்லையே, இந்த மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது, கையோடு எடுத்துப் போயிருக்கிறார் என்று கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். அது நிலைக்கவில்லை. காலையில் சளியும் இருமலுமாகக் கிளம்பிய ஆள். போட்டிருந்த பனியனில் பாக்கெட்டே கிடையாது. துணியை அப்படியே போட்டுவிட்டு போன் போட்டேன்.

“யோவ், பம்பு உங்கிட்ட இருக்குதா?”

அந்தப் பக்கம் காற்று இரைந்தது. அப்புறம் என் வீட்டுக்காரர் சாலமனின் குரல் மூச்சிரைக்கத் துண்டு துண்டாக வந்தது.

“இல்ல... மூட்டையில... கட்டி வெச்சுட்டேன்.”

“எந்த மூட்டை?”

“பூட்ஸ்... மூட்டை.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் மரக்காணத்தில் ஐப்பசி மழை இறங்கி உப்புப் பாத்திகள் தண்ணீருக்குள் போய்விட்டால் அந்த வருஷத்து உப்பு வேலை முடிந்தது. பூட்ஸ், கறுப்புக் கண்ணாடி, உப்பு வாரும் பலகை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிடுவோம். இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும். தை பிறந்த பிறகுதான் அந்த மூட்டையை அவிழ்ப்பது. இந்த ஆளுக்கு மூச்சிரைப்பு வந்தது உப்பு வாரும் நாளில். அதனால் அது உப்போடு வந்த சீக்கு, உப்போடு போய்விடும் என்று அவராக முடிவுகட்டிவிட்டார். வேலை இல்லாத மாதத்தில் பூட்ஸ் எதற்கு, மருந்து எதற்கு? அட கர்த்தாவே, இப்படியும் ஒரு மூளை இருக்குமா!

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எவ்வளவு பொறுமையாகச் சொன்னார்! இவர்தான் அன்றைக்கும் மல்லுக்கு நின்றார். “லேசாத்தானே இருக்குது டாக்டர், மாத்திரை குடுங்க. பம்பு பழகிடும்னு சொல்றாங்க.”

“லேசா இருக்கும்போதே குடுக்கிறதுதான் நல்லது சாலமன். இதுல ரெண்டு மருந்து சேர்ந்து இருக்குது. ஒண்ணு மூச்சுக்குழாயை அப்பவே விரிக்கும். இன்னொண்ணு உள்ள இருக்கிற வீக்கத்தை ஆத்தும். லேசா இருக்கிறவங்களுக்கும் ஒருநாள் திடீர்னு பெருசா வரும். எங்க போனாலும் கூடவே இருக்கணும்.”

உப்புத்தூசி, மழை, பனி, சளி என்று எதெதில் கிளம்பும் என்பதையும் சொன்னார். உப்புத்தூசி என்று சொன்னது மட்டும்தான் என் ஆள் காதில் விழுந்திருக்கிறது. கோடை முழுக்க நெஞ்சு இறுகும்போதெல்லாம் ஒழுங்காக இழுத்தார். நன்றாகத் தூங்கினார். அந்தத் தூக்கம்தான் அவரைக் கெடுத்தது.

ஸ்டூலைப் போட்டு ஏறி மூட்டையை இழுத்தேன். அது பிடிவாதமாக வரவில்லை. இழுத்த இழுப்பில் என் மேலேயே விழுந்தது. முடிச்சு எங்கே அவிழ்கிறது? உப்பு மூட்டை கட்டுகிற கை கட்டிய முடிச்சு. அரிவாள்மணையில் கயிற்றை அறுத்தேன். பூட்ஸுக்குள் பாலிதீன் கவரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, பத்திரமாக இருந்தது. அந்தப் பத்திரத்தைப் பார்த்ததும் அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அடுத்த வீட்டு சுரேஷ் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“சுரேஷு, எடுடா வண்டிய! மாமாவுக்கு மூச்சு முட்டுது!”

“எங்கக்கா?”

“உப்பங்கழிக்கு. இறாலுக்கு வலை போடப் போனாரு.”

மழை பிடித்துக்கொண்டது. உப்பளத்துக்குள் போகும் மண்பாதையில் ஆட்டோ வழுக்கியது. மறுபடியும் போன் போட்டேன், மணி அடித்தது, எடுக்கவில்லை. வழி முழுக்க வாய்க்குள் ஏசிக்கொண்டே போனேன். ஏசுவதை நிறுத்தினால் பயம் வந்துவிடும். இந்த ஆள் போய்விட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்?

கரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி, தோள் ஏறி ஏறி இறங்க, கழுத்து நரம்பு புடைத்து. கூட வலை போடப் போன செல்லப்பன் அவர் நெஞ்சில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

“படுக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கிறாரு அண்ணி.”

“படுக்க வெக்காத! நகரு.”

குலுக்கி, மூடியைப் பிடுங்கி வாயில் வைத்தேன். “இழு. இழுய்யா!” அழுத்தினேன். பாதி வெளியே புகையாகப் போய்விட்டது. “வாய மூடு. அடக்கு.” மறுபடியும் கொடுத்தேன். இந்த முறை உள்ளே போனது. உதடு கறுத்திருந்தது. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தேன். இரைச்சல் லேசாகக் குறைந்தது, ஆனால் ஒரு வார்த்தைக்குமேல் பேச முடியவில்லை. டாக்டரம்மா சொல்லியிருந்தார், பம்பு இழுத்தும் அடங்கவில்லை என்றால் உட்கார்ந்து பார்க்கக் கூடாது, உடனே வந்துவிட வேண்டும் என்று. செல்லப்பனும் நானும் தூக்கி ஆட்டோவில் வைத்தோம். போகிற வழியில் டாக்டரம்மா சொன்னபடி மறுபடியும் இழுக்க வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டி மருந்துப்புகை வைத்தார்கள், ஊசி போட்டார்கள். என்னை உட்காரச் சொன்னார்கள். எங்கே உட்கார்வது? வராந்தாவில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். வெளியே வந்ததும் என்னென்ன கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்தேன். பூட்ஸுக்கும் மூச்சுக்கும் வித்தியாசம் தெரியாதா? மழைக்கு உன் நெஞ்சும் லீவு விடுமா? புருஷனா நீ, புண்ணாக்கா?

கூப்பிட்டார்கள். மாஸ்க்கைக் கழற்றியிருந்தார்கள். முகத்தில் ரத்த ஓட்டம் திரும்பியிருந்தது. டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, “இப்ப ஒரு வரி நிறுத்தாம பேசுங்க பாக்கலாம்” என்றார்.

அவர் டாக்டரம்மாவைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“உன்ன ஒருவாட்டி பாக்காமயே செத்துடுவேனோன்னு பயமா இருந்துச்சு கிருபா.”

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

“நல்லாப் பேசுறாரு, பயமில்ல” என்றார் டாக்டரம்மா. சேர்த்து வைத்ததெல்லாம் எங்கே போனதோ. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

“நீ மட்டுமாய்யா பயந்தே?”