பாதம் தூக்கும் பொத்தான்

ஐஜமால் சேற்றில் மண்டியிட்டுக் கணவரின் இடது பூட்ஸைக் கழற்றினாள். குதிகாலுக்கு அடியில் வைக்கும் வில்லையிலிருந்து வரும் கம்பி அறுந்து தொங்கியது. மலைப்பாதையில் வண்டி குலுங்கியதில் எங்கோ இழுபட்டு அறுந்திருக்கிறது.

"போச்சா?" என்றார் மெதெர்.

அவள் தலையாட்டினாள்.

முழங்காலுக்குக் கீழே கட்டியிருந்த சிறு பெட்டிக்கு அந்த வில்லைதான் கண். குதிகால் எழும்பினால் அது சொல்லும். பெட்டி நரம்புக்கு மின்சாரம் விடும், பாதம் மேலே எழும்பும். இல்லாவிட்டால் பக்கவாதம் இழுத்த கால் நுனி தொங்கி இடறும். போன குளிர்காலத்தில் அப்படி இடறித்தான் குளியலறை வாசலில் விழுந்தார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். நெற்றிக் காயம் சின்னதுதான், ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு முறை மண்டையில் அடிபட்டால் பிழைக்க மாட்டார் என்று பிஷ்கெக் டாக்டர் சொன்னது அவரிடம் அல்ல, அவளிடம்.

சரிவுக்குக் கீழே முற்றத்தில் கம்பளிக் கூடாரம் தெரிந்தது. அதற்குள் மெதெரின் அண்ணன் இசாபெக் நேற்றிலிருந்து கிடக்கிறார். வெளியே ஆண்கள் தடிகளில் சாய்ந்து வரிசையாக நின்றார்கள். சாவுக்கு வருகிறவன் கூடாரம் கண்ணில் பட்டதும் அழுதுகொண்டு ஓட வேண்டும். கூடப்பிறந்தவன் நடந்து போவதில்லை.

வண்டி ஓட்டி வந்த ஓமுர், நேரே கூடாரத்து வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுவதாகச் சொன்னான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றான். அவளும் அதையே கெஞ்சினாள்.

"வண்டியிலயே போய் இறங்கவா? கல்யாண வீடா அது?" என்றார் மெதெர். பக்கவாதத்துக்குப் பிறகு அவர் பேச்சில் வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "உன் பையில அந்தப் பொத்தான் இருக்குல்ல?"

இருந்தது. வில்லை பொருத்துவதற்கு முன், நடக்கப் பழக்கிய நாட்களில் டாக்டர் கொடுத்த கைப்பொத்தான். கம்பி கிடையாது. அமுக்கினால் பாதம் எழும்பும், விட்டால் இறங்கும். அப்போது அவருக்குப் பேச்சும் வரவில்லை. அவள் அமுக்கியது போதும் என்றால் தடியால் தரையில் இரண்டு முறை தட்டுவார். பேச்சு திரும்பியதும் முதலில் வந்தது வசவுதான். ரேடியோ கேட்டுக்கொண்டே அமுக்குகிறாயா என்று.

"அது மெதுவா நடக்கறதுக்குங்க. ஓடறதுக்கு இல்ல."

"பயப்படாத, கிழவி. நீ அமுக்கு. நான் அழுதுக்கிறேன்."

அவள் பூட்ஸை மாட்டிவிட, அவர் தடியை ஊன்றி எழுந்தார். அவள் பொத்தானைச் சால்வைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் போனாள். அழுதுகொண்டு போகும் ஆணின் பின்னால் பெண் போவது வழக்கமில்லை. வரிசை முழுவதும் பார்க்கும். பார்க்கட்டும்.

"என் ஈரக்குலையே!" என்று அண்ணனை அழைத்துக் கத்திக்கொண்டு மெதெர் சரிவில் இறங்கினார்.

ஓட்டம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் அவர் அப்படித்தான் நினைத்து ஓடினார். அவள் கூடாரத்தைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்க்கவில்லை. குதிகாலை மட்டும் பார்த்தாள். எழும்பியது, அமுக்கினாள். பதிந்தது, விட்டாள். கட்டைவிரல் வியர்த்து வழுக்கியது. அழ வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குள் குதிகால் எழும்பியது, அமுக்கினாள்.

டிராக்டர் சக்கரம் கிழித்த பள்ளத்தில் உருகிய பனி நின்றது. அவர் தாண்டிவிட்டார். அவள் வழுக்கினாள். விரல் பிந்திவிட்டது.

பூட்ஸின் முனை சேற்றில் செருகிக்கொண்டது. உடம்பு முன்னால் போயிற்று. தடி வளைந்தது. அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள், விடாமல். சேறு சத்தத்தோடு காலை விட்டது. மெதெர் பக்கவாட்டில் இரண்டடி சரிந்து, நிமிர்ந்து, இன்னும் உரக்கக் கத்தினார். துக்கத்தில் தள்ளாடுகிறார் என்று நினைத்து வரிசையிலிருந்த ஆண்களும் குரலை உயர்த்தினார்கள். அண்ணன் மகன் தாலாய் வந்து அவரைக் கட்டிக்கொண்டான்.

அதற்குள் பெண்கள் ஐஜமாலின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டார்கள்.

திரைக்குப் பின்னால் இசாபெக் கிடந்தார். அவர் மனைவி புருல் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தாள். ஐஜமாலைக் கண்டதும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தம்பி வந்துட்டாரா?"

"வந்துட்டார் அக்கா."

"நடந்தா வந்தார்?"

"ஓடி வந்தார்."

புருல் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு மீண்டும் பாடினாள். ஐஜமால் வாயசைத்தாள். காது வெளியே இருந்தது. கம்பளிக்கு அந்தப் பக்கம் எத்தனையோ ஆண் குரல்கள். அவற்றுக்கு அடியில், வார்த்தைகள் ஒட்டிய அந்த ஒரு குரல். அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அது நின்றது.

மற்றவர்கள் அழுதார்கள். அது திரும்ப வரவில்லை. எழுந்து போக முடியாது. புருலின் கைகள் கழுத்தில் இருந்தன. பள்ளத்தில் தடி வளைந்தது நினைவுக்கு வந்தது. எங்காவது அடிபட்டிருக்குமோ. நின்றபடியே கண் இருட்டியிருக்குமோ.

உடம்பு கெடாமலிருக்கக் குளிர்காற்று வரட்டும் என்று கம்பளியின் அடிவிளிம்பைச் சுருட்டி விட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் பூட்ஸ்கள் தெரிந்தன. வரிசையில் தேடினாள். முனையில் சேறு அப்பிய இடது பூட்ஸ் கூடாரத்தை ஒட்டி இருந்தது. அசையவில்லை.

சால்வைக்குள் பொத்தானை அமுக்கினாள்.

பூட்ஸின் முனை மெல்ல எழும்பியது. விரலை எடுத்தாள். இறங்கியது. மின்சாரம் பாய்ந்தால் நினைவில்லாதவர் பாதமும் எழும்பத்தான் செய்யும். அவளுக்குத் தெரியும். இன்னொரு முறை அமுக்கினாள்.

பூட்ஸுக்குப் பக்கத்தில் தடியின் நுனி சேற்றிலிருந்து எழும்பி, இரண்டு முறை தட்டியது.