கொள்ளு வேகாத அடுப்பு

குட்டியைப் பால்குடி மறக்கடித்த மூன்றாம் நாளே பழனாத்தாளுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. தாய்க்குதிரையைத் தேவிகுளத்துச் சவாரிக்காரனுக்கு விற்றுவிட்டு, ஆறு மாதக் குட்டியை மட்டும் எலப்புள்ளித் தோட்டத்துக் கொட்டகையில் கட்டியிருந்தான் அவள் புருஷன் நஞ்சப்பன். மூன்று வருஷம் போனால் கோயில் வேலா திருவிழாவின் குதிரை ஓட்டத்தில் அது முதலாவதாக வருமாம். கனவு அவனுக்கு, லத்தி அள்ளுவது இவளுக்கு.

குட்டி தாயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் நின்றது. வாய்க்கால் வரப்பில் அவள் அறுத்துச் சுமந்து வந்த புல்லை மோந்துகூடப் பார்க்கவில்லை. நான்காம் நாள், வீட்டுக்குக் கடைய வேகவைத்த கொள்ளில் ஒரு கை அள்ளி, கருப்பட்டியை நுணுக்கிப் போட்டு நீட்டினாள். குட்டி உள்ளங்கையை நக்கித் துடைத்துவிட்டது. அந்த ஈர உதடு பட்டதும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் விடியலில் ஒரு படி கொள்ளு. செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய் என்பான் என்று நஞ்சப்பனிடம் சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் குட்டி மினுமினுவென்று ஆகிவிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அப்புறம் ஒருநாள் முன்னங்கால் முட்டி இரண்டும் வீங்கி, கால் உள்பக்கமாகக் கோணி நின்றது.

மலையாளத்துக் கால்நடை டாக்டர் பினு வந்து முட்டியைத் தடவிப் பார்த்தார். "தீனி என்னதான் கொடுக்கறீங்க சேச்சி?"

"காலையில ஒரு படி கொள்ளுங்க, கருப்பட்டி போட்டு."

நஞ்சப்பன் திரும்பிப் பார்த்தான். "காலையிலயா? நான் சாயங்காலம் பொழுதோட மோட்டார் ரூமுல ஊறவெச்சு ஒரு படி குடுத்துட்டு இருக்கறனே புள்ள! ரண்டு முட்டையுஞ் சேத்தி."

ரேக்ளா காளைக்கு அவன் வீட்டில் வழிவழியாகக் கொடுக்கிற தீனி அது. முட்டை குறைவது தெரிந்தால் இவள் சத்தம் போடுவாள் என்று அவனும் வாய் திறக்கவில்லை.

"இது காளையில்ல, குட்டி," என்றார் டாக்டர். "உடம்பு வேகமா வளந்து ஓடுது, எலும்பு அதோட சேந்து ஓட முடியல. இனி ஒரு மணி கொள்ளு கூடாது. புல்லு, தாது உப்பு, தண்ணி. ஓட விடவும் வேண்டா. கால் இப்படியே முத்திப்போச்சுன்னா பின்னே ஒண்ணும் செய்ய முடியாது."

பாசம் என்று நினைத்து இரண்டு பேரும் சேர்ந்தே அதன் காலைக் கெடுத்திருந்தார்கள். பழனாத்தாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் குட்டி அவள் கையைத் தேடியது, முந்தானையைக் கடித்து இழுத்தது, வாளியை உதைத்துத் தள்ளியது. கடைசியில் முதுகைக் காட்டி நின்றுகொண்டது. வீட்டில் கொள்ளு வெந்தால் வாசம் பிடித்துக் கத்திக் கயிற்றை இழுத்தது, அந்தக் காலை வைத்துக்கொண்டு. அதோடு அந்த வீட்டு அடுப்பில் கொள்ளு ஏறவில்லை.

"ஏம்புள்ள, சளி புடிச்சிருக்குது, துளியூண்டு கொள்ளு ரசம்..."

"கால் நேராகட்டுமுங்க."

நஞ்சப்பன் சுக்குத் தண்ணியைக் குடித்துவிட்டுப் படுத்தான்.

நாற்பது நாள் இப்படிப் போயிற்று. புல் அறுத்து, சுமந்து, லத்தி அள்ளி, முட்டிக்கு ஒத்தடம் கொடுத்து அவளால் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. டாக்டர் மறுபடி வந்தார். வீக்கம் வடிந்திருந்தது. வலது கால் நேராகிவிட்டது, இடது காலில் கொஞ்சம் கோணல் நின்றுவிட்டது.

"ஓட்டத்துக்கு ஆகுமுங்களா?" நஞ்சப்பன் கேட்டான்.

"ஓட்டம் வேண்டா. நடக்கும். நல்லா நடக்கும்."

அவன் மோட்டார் ரூமுக்குப் போய், கொள்ளு ஊறவைக்கும் போசியைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். "உள்ள வெச்சுரு புள்ள. இனி எனக்கெதுக்கு."

போசியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பழனாத்தாள் கொட்டகைக்குள் போனாள். குட்டி திரும்பி, நொண்டாமல் நான்கு எட்டு வைத்து வந்து அவள் கையை மோந்தது. கையில் ஒன்றுமில்லை. வெறும் கையை நக்கிவிட்டு, மூஞ்சியை அதிலேயே வைத்துக்கொண்டு நின்றது. இடுப்பு வலி உயிர் போனது. கையை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.