சிவப்புப் பொட்டு வைத்த டம்ளர்

ஈஸ்டுக்குள் கல்லீரல் வைரஸின் புரதத்தை வளர்த்து, அந்த ஈஸ்டைச் சூட்டில் கொன்று ஊசியாகப் போடுவதுதான் தங்கையின் ஆராய்ச்சி. உடம்பு விழித்துக்கொண்டு, பல வருஷமாகக் கண்டுகொள்ளாமல் விட்ட வைரஸைத் துரத்தும் என்பது நம்பிக்கை.

அன்று நோயாளிகளுக்கான விளக்கக் கூட்டம். முன்வரிசையில் அவளுடைய அண்ணன். அவனுக்கும் ஹெபடைடிஸ் பி.

"ரொட்டி மாவுல போடுற ஈஸ்டா? நானும் புஸ்ஸுனு உப்பிட மாட்டேனே?"

"செத்த ஈஸ்ட்டுண்ணா, உப்பாது."

கூட்டம் சிரித்தது. ஒரு பெண் தயங்கி எழுந்து, பக்கத்தில் இருந்த கணவரைக் காட்டினாள். "மேடம், இவர் குடிச்ச டம்ளர்ல நான் குடிக்கலாமா?"

"தாராளமா. டம்ளரால பரவாது. நீங்க தடுப்பூசி மட்டும் போட்டுக்கோங்க. அவரை ஒதுக்கி வைக்காதீங்க, மனசு ஒடிஞ்சிடும்."

கைதட்டினார்கள்.

டீ வந்ததும் தங்கையே ஒரு கப்பை அண்ணனிடம் நீட்டினாள். அவன் பையைத் துழாவி, அடியில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்த எவர்சில்வர் டம்ளரை எடுத்தான்.

"இதுல ஊத்தும்மா."

தன் வீட்டுக்கு வரும்போது அவன் குடிப்பதற்கென்று அவளே பொட்டு வைத்த டம்ளர் அது.

"இங்க எதுக்குண்ணா இது?"

"நீதானே தனியா வச்சுக்கச் சொன்ன? படிச்சவ சொன்னா காரணம் இருக்கும்னு எங்க போனாலும் தூக்கிட்டுப் போறேன். உங்க அண்ணிகூட இதைத் தனியாத்தான் கழுவுறா."

அவன் குரலில் கேலியே இல்லை. அதுதான் அவளைக் கூசவைத்தது.

பக்கத்தில், கணவரின் கப்பை உதட்டருகே கொண்டுபோயிருந்த அந்தப் பெண், டம்ளரைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள், கப்பை மெல்லக் கீழே வைத்துவிட்டாள்.