லாய் அக்கா வீட்டு மாடத்தில் நான்

லாய் அக்காவின் வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு கூட்டமே என் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

சினிமாவில் செத்துப்போவதுதான் என் பிழைப்பு. முகராசி அப்படி. கதாநாயகனின் அப்பா என்றால் முதல் காட்சியிலேயே செத்தவர்களைக் கும்பிடும் மாடத்தில் படமாக இருப்பேன். உயிரோடிருப்பவன் படத்துக்கு ஊதுபத்தி ஏற்றுவது ஆகாது என்பதால், காட்சி முடிந்ததும் தோஷம் கழியக் கையில் பணம் வைத்த ஒரு சிவப்பு உறையைக் கொடுத்து, படத்தை என் கண்ணெதிரிலேயே எரித்துவிடுவார்கள். எங்கள் தொழிலில் இதில் யாரும் விளையாட மாட்டார்கள். ஆனால் சா டெக் ஊரில் லாய் அக்காவின் இந்த வீட்டை வாடகைக்கு எடுத்துப் படமாக்கிய கடைசி நாள் மழை கொட்டியது. ஆளாளுக்குக் கையில் கிடைத்த சாமானைத் தூக்கிக்கொண்டு ஓடியதில், தலைக்கு நரை பூசி எடுத்த என் படம் இங்கேயே தங்கிவிட்டது. இப்போது, இத்தனை வருடம் கழித்து, கதை முழுக்க உயிரோடு இருக்கும் வேடம் ஒன்று வந்திருக்கிறது. அந்தப் படத்தை எரித்துவிட்டு வந்தால்தான் கையெழுத்துப் போட விடுவேன் என்று என் மனைவி பிக் ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளைச் சொல்வானேன், எனக்கே பயம்தான்.

வந்த காரியத்தைச் சொன்னேன். லாய் அக்கா என்னைப் பின்கட்டுக்கு அழைத்துப் போனாள். அவளுடைய அண்ணன் போருக்குப் போனவன், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, வீட்டில் ஒரு புகைப்படமும் இல்லை. செத்த நாள் தெரியாததால், அவன் சாப்பிடக்கூட இல்லாமல் வீட்டை விட்டுப் போன நாளில் திதி கொடுக்கிறார்கள். அது இன்றைக்கு. அவன் படம் இருக்க வேண்டிய இடத்தில்தான் என் படம்.

"இருந்திருந்தா இந்த வயசுல இப்படித்தான் இருந்திருப்பான் தம்பி. உன் வீட்டுல பயப்படுவாங்கன்னு எனக்குத் தெரியாதா? சனங்க சாப்பிட்டுப் போகட்டும், எடுத்துக்க."

என்னையும் பந்தியில் உட்கார வைத்தாள். பக்கத்திலிருந்த பெரியவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீ யாரு மவன்? மூக்கு அப்படியே நம்ம குடும்பத்து மூக்கு."

நடிகன் என்று சொல்ல வாய் வரவில்லை. தூரத்துச் சொந்தம் என்று முனகினேன். அவர் சந்தோஷப்பட்டு மீன் தலையை என் கிண்ணத்தில் வைத்தார். நான் சொன்னது பொய்தானா என்பதே எனக்குக் குழம்பியது. இவர்கள் கண் கலங்குவது யாருக்காக, நான் விழுங்குவது யாருக்குப் படைத்த சோறு, ஒன்றும் பிடிபடவில்லை. வந்த கணமே படத்தை வாங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும்.

எல்லோரும் போன பிறகு லாய் அக்கா படத்தை இறக்கினாள். முந்தானை மாதிரித் தோளில் கிடந்த துண்டால் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். நானும் இரண்டு கையாலும் வாங்கினேன்.

"அன்னைக்குச் சாப்பிடாமலே கிளம்பிட்டே. இன்னைக்காவது வயிறு நிறைஞ்சுதா?"

அவள் படத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"நிறைஞ்சுது" என்றேன்.

அவள் தலையாட்டினாள். சட்டைப் பையில் தொலைபேசி அதிர்ந்தது, பிக்காகத்தான் இருக்கும். லாய் அக்கா இன்னும் படத்தின் சட்டத்தை விடவில்லை. நானும் இழுக்கவில்லை.