வரேம்மா

மகள் எனக்குப் பெரிய ஹோட்டலில், பதினொன்றாவது மாடியில் அறை எடுத்துக் கொடுத்திருந்தாள். அவள் வீட்டில் மாமியார் வந்து தங்கியிருக்கிறாராம், இடம் இல்லையாம். மாமியாருக்கு வீடு, பெற்றவளுக்கு ஹோட்டல். நல்ல நியாயம்.

“எல்லாமே பக்கத்துலதாம்மா. எதிர்ல நாடகத் தியேட்டர், கீழ பூரா கடைங்க. பொழுது போறதே தெரியாது” என்றாள். நேற்றுக் காலை பெட்டியை உள்ளே வைத்ததிலிருந்து போனையே நோண்டிக்கொண்டிருந்தாள்.

“நாளைக்கு ஆறு மணி நாடகத்துக்கு ரெண்டு டிக்கெட் எடுக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“சரிம்மா, வரேன்” என்றபடி கதவைச் சாத்தினாள்.

நான்கு பேர் படுக்கும் கட்டிலில் ஓரமாகப் படுத்தேன். இன்று பகலில் கடைகளைச் சுற்றினேன். ஒரு சால்வையைத் தோளில் போட்டுப் பார்த்தேன். “நல்லா இருக்கா?” என்று கேட்க ஆள் இல்லை. மடித்து வைத்துவிட்டு வந்தேன்.

ஐந்து மணிக்கே புடவை மாற்றி வரவேற்பறையில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கால் மணி நேரம் இருக்கும்போது போன் செய்தேன்.

“எங்க இருக்கே? நாடகம் ஆரம்பிச்சிடும்.”

“எந்த நாடகம்?”

“நேத்து வரேன்னு சொன்னியே.”

“அம்மா, அது கிளம்புறேன்னு சொன்னது. போறேன்னு சொன்னா நீதானே திட்டுவே?”

உண்மைதான். சின்ன வயதில் பள்ளிக்கூடப் பையோடு “போறேன்” என்று ஓடுபவளைத் திரும்பக் கூப்பிட்டு, “போயிட்டு வரேன்” என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன். என் வாயால் சொல்லிக் கொடுத்ததுதான்.

“பரவாயில்ல, நீ வேலையைப் பாரு” என்று வைத்துவிட்டேன். கோபமாக வந்தது. கோபத்தைவிட அழுகைதான் அதிகம் வந்தது. டிக்கெட்டை வீணாக்க மனமில்லாமல் தெருவைக் கடந்தேன்.

உள்ளே என் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்தேன். போனை வைத்தபின் மனம் மாறிக் கிளம்பியிருப்பாளோ என்று ஒரு நப்பாசை. விளக்கு அணையும் நேரத்தில் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள்.

“எனக்கு அங்க தூண் மறைக்குதுங்க. இங்க யாராச்சும் வராங்களா?”

வாசலை ஒரு தடவை பார்த்தேன். பிறகு பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“யாரும் வரலைம்மா. உட்காருங்க.”